மேல்தட்டுச் சாப்பாடு

சமையல்காரியே காசு கொடுத்துப் பெட்டிச் சாப்பாடு வாங்கித் தின்கிறாளே என்று என் அக்காவைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. சிரிக்கட்டும். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அவள் வீட்டுக்குப் போய் ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்ததில்லை.

அக்காவுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். காலை ஷிப்டு ஆட்கள் வருவதற்குள் அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு, தரையைக் கழுவிவிட்டு வருவாள். உப்புப் பார்த்துப் பார்த்தே அவளுடைய பசி செத்துவிடும். வீட்டுக்கு வந்தால் அத்தானுக்கும் மகனுக்கும் மறுபடியும் அடுப்பு. அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்து, நின்றபடியே தின்பாள். கேட்டால், "எனக்கு இது போதும்டி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். குளிர் அலமாரியின் மேல்தட்டில் பவுசாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த உயர்ந்த ரகம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, உள்ளே வெண்ணெய்க் குழம்பில் கோழியும் உருளைக்கிழங்கு மசியலும். அதே கோழியும் கிழங்கும் கீழ்த்தட்டில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நீங்க ரெண்டு பேரும் ஏதாவது செஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சுடவைத்து, நல்ல தட்டில் கவிழ்த்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

அத்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வெந்நீர் வைக்கவும் ஆள் தேடுவார். மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். நாலு கடை ஏறி இறங்காமல் ஒரு சோப்புகூட வாங்கமாட்டான். "அம்மா, நீ அந்த அட்டைக்குத்தான் காசு குடுக்கறே" என்று வாராவாரம் நச்சரித்தான். அவன் அழுததெல்லாம் காசுக்காக இல்லை. அந்த ஒரு நாளையும் அவளிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை நான் போனபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனும் மகனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசி வாய் விழுங்கியதும் மகன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து நீட்டினான். கீழ்த்தட்டு ரகம். அவள் குளிக்கப் போன நேரத்தில் கறுப்பு அட்டைக்குள் இருந்ததை எடுத்துவிட்டு, இதிலிருந்ததை வைத்திருக்கிறான்.

"வித்தியாசம் தெரிஞ்சுதா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் உப்புப் பார்த்த நாக்கு இப்படிக் கவிழ்த்துவிட்டதே!

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலடா. சூடா இருந்துச்சு, நான் செய்யாதது. நாக்கு அதுக்கு மேல எதுவும் கேக்கல."

"அப்ப ஒத்துக்கறே! இனிமே இதையே வாங்கு. அந்தக் காசுக்கு நம்ம மூணு பேருக்குமே வாங்கலாம்."

"அதனாலதான்டா வாங்கல" என்றாள் அக்கா. குரல் ஏறவே இல்லை. "இந்த வாரம் மூணு பெட்டி வாங்கிட்டு வான்னுவீங்க. அடுத்த வாரம், தொட்டுக்க ஏதாவது வதக்குன்னுவீங்க. அதுக்கடுத்த வாரம் நான் பழையபடி நின்னுக்கிட்டே தின்னுட்டிருப்பேன். விலை அதிகமா இருக்கறதாலதான் அது எனக்கு மட்டும்னு ஆச்சு. நான் காசு குடுக்கறது அதுக்குத்தான்."

அக்கா வெள்ளை அட்டையை மகன் பக்கம் தள்ளிவைத்தாள்.

"சரி, என்னோடது எங்க?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார். மகன் திருதிருவென்று விழித்தான். "வீணாப் போயிடுமேன்னு... நானும் அப்பாவும்..."

"எப்படி இருந்துச்சு?"

"சும்மா சொல்லக்கூடாது" என்று அத்தான் உளறிவிட்டார். "கோழி அப்படியே வெண்ணெயாக் கரையுது. அந்தக் குழம்ப வழிச்சு..." மகன் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தட்டைக் கழுவாமல் அப்படியே மேஜையில் விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"கடைக்கு. என் சாப்பாட்ட நான் இன்னும் சாப்பிடல."

"போறதுதான் போற" என்று அத்தான் இழுத்தார். "எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு..."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.