சுந்தரவல்லியின் சண்டை இங்கிலீஷ்

எங்கள் எதிர்வீட்டு சுந்தரவல்லிக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த மொழியில் சண்டை போட முடிகிறதோ அந்த மொழிதான் நமக்குத் தெரியும், மற்றதெல்லாம் சும்மா ஒப்பிப்பது. விருத்தாசலத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது அவளுக்கு ஹிந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மயூர் விஹார் காய்கறி வண்டிக்காரர்களிடமும் ஆட்டோக்காரர்களிடமும் மல்லுக்கு நின்றே கற்றுக்கொண்டாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாகத்தான் வரும். அதற்காக அவளும் வெட்கப்பட்டதில்லை, கத்திரிக்காய் விற்கிறவனும் வருத்தப்பட்டதில்லை.

இங்கிலீஷ் இல்லாமலே அவள் காலம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறாள். முதலில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கின. இப்போது பஞ்சாபிக்காரர்களும் டப்பாவோடு வந்து நிற்கிறார்கள். அந்த மாவில்தான் அவள் தலைநிமிர்ந்து நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் தண்ணீர்த் தொட்டி பற்றி ஹிந்தியில் தொண்டை கிழியப் பேசினாள். கூட்டக் குறிப்பு வந்தது. எங்கள் சங்கத்தில் அது இங்கிலீஷில்தான் எழுதப்படும். இங்கிலீஷில் பேசினவர்களுக்குப் பெயர் போட்டு ஆளுக்கு ஒரு பத்தி. இவளுக்கு, ‘ஒரு பெண் உறுப்பினரும் பேசினார்’ என்று ஒரே வரி.

“நான் என்ன பேசினேன்னே எழுதலியாக்கா?”

“எழுதல வல்லி.”

நான் அமைச்சகத்தில் கோப்பு எழுதிப் பிழைப்பவள். குறிப்பில் ஏறாத பேச்சு பேசாத பேச்சுதான். அதை அவளிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

மறுவாரமே லக்ஷ்மி நகரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த வேகத்தில் நின்றும் விட்டாள். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது ‘சாரி’, ‘எக்ஸ்க்யூஸ் மீ’, ‘மே ஐ’. “மன்னிப்பு கேக்கறதுக்கா ஃபீஸ் கட்டிட்டு மெட்ரோவுல போறேன்? நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள். அந்த வாத்தியாரைக் கேட்க வேண்டிய கேள்வி, என்னிடம் கேட்டாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கஸ்டமர் கேர். ஃபிரிட்ஜ், கேபிள், இண்டர்நெட், எது மக்கர் செய்தாலும் போன் போட்டு, ஹிந்திக்கு ஒரு எண்ணும் இங்கிலீஷுக்கு ஒரு எண்ணும் சொல்வார்களே, அதில் இங்கிலீஷை அமுக்குவாள். “அவங்க கோவப்பட முடியாதுக்கா. கோவமெல்லாம் நம்ம பக்கந்தான்.” ஒன்றும் மக்கர் செய்யாத வாரங்களில் தவித்துப் போவாள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்காகக்கூட அவள்தான் சண்டை போட்டாள். இங்கிலீஷ் வந்தது. அழகாக வரவில்லை, ஆனால் வந்தது.

இந்த வருஷம் லிஃப்ட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடுகளில் மாவு அரைத்து விற்பதைத் தடை செய்யப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறதாம். மொத்தக் கட்டடத்திலும் மாவு விற்பது ஒரே ஒரு வீடுதான். பெயரைப் போடாமல் போட்ட நோட்டீஸ்.

அவள் கணவர் கலியன் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சாது. “வுட்டுடு வல்லி, அக்கம்பக்கத்துல வம்பு எதுக்கு?” என்றார். “வூடு எம் பேர்ல இருக்கு. மெம்பர் நானு. நீங்க செத்த சும்மா இருங்க,” என்றாள். பெண் பெயரில் பதிந்தால் டெல்லியில் பத்திரச் செலவு குறைவு என்று அவள் பெயரில் வாங்கியவர் அவர்தான். இப்போது அனுபவிக்கிறார்.

“உனக்காக நான் பேசட்டுமா?” என்று கேட்டேன்.

“நீங்க பேசினா நீங்க பேசினதாதான எழுதுவாங்க?”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சமோசா, டீ எல்லாம் முடிந்து தீர்மானம் வந்தது. சுந்தரவல்லி எழுந்தாள். செயலாளர் கனிவாகச் சிரித்து, “ஆன்ட்டிஜி, ஹிந்தி மே போலியே,” என்று ஹிந்தியிலேயே பேசச் சொன்னார். அந்தக் கனிவைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“நோட்டீஸ் இங்கிலீஷ். ஆன்சர் ஆல்சோ இங்கிலீஷ்,” என்றாள்.

முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “செகண்ட் ஃப்ளோர் டியூஷன், ஓகே. கிரவுண்ட் ஃப்ளோர் ஆடிட்டர் ஆஃபீஸ், ஓகே. மை கிரைண்டர் ஒன்லி ப்ராப்ளம். ஒய்?”

செயலாளர் விதி, உபவிதி என்று வேகவேகமாக இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். “ஸ்லோலி. ஐ ஆம் லிசனிங்,” என்றாள். பின்வரிசையில் ஓர் இளைஞன் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். “யூ லாஃப் ஆஃப்டர். நவ் ஐ ஆம் டாக்கிங்.” எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஐ வில் நாட் ஸ்டாப். ஃபர்ஸ்ட் ஸ்டாப் தெம். தென் கம் டு மை டோர். ரைட் இட்.”

செயலாளர் எழுதினார். “ரீட்,” என்றாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தார். மாவு வியாபாரத்தைத் தொடரத் தம்மை அனுமதிக்குமாறு திருமதி சுந்தரவல்லி வேண்டிக்கொண்டார், ‘ரெக்வெஸ்டட்’, என்று எழுதியிருந்தார்.

அந்த ஆளின் போதாத காலம், அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். புகார் என்று அவள் எவ்வளவு கத்தினாலும், ‘யுவர் ரெக்வெஸ்ட் இஸ் ரெஜிஸ்டர்ட்’ என்றுதான் போனில் முடிப்பார்கள்.

“நோ ரெக்வெஸ்ட்,” என்றாள். “ஐ செட், வில் நாட்.”

“மேடம், இட்ஸ் த சேம் திங்.”

“நாட் சேம். யூ நோ நாட் சேம். ரைட் வில் நாட். ரைட் டியூஷன். ரைட் ஆடிட்டர்.”

அவர் அடித்துவிட்டு எழுதினார். நிறுத்த மறுக்கிறார், டியூஷனுக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் இதே தடை வந்த பிறகுதான் தன்னிடம் வரலாம் என்கிறார். உரக்க வாசித்துக் காட்டினார். அவ்வளவுதான், ஆடிட்டர் கஸ்தூரிரங்கன் சமோசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அதுவரை தீர்மானத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர். தன் ஆபீஸ் பெயர் குறிப்பில் ஏறியதும் அவருக்குச் சட்டென்று ஞானம் பிறந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் அனுசரித்துப் போவதுதான் நல்லது, இந்தத் தீர்மானத்தைக் கைவிடலாம் என்றார். டியூஷன் ஸ்வப்னா அவர் முடிக்கும் முன்பே கை தூக்கினாள். அப்புறம் பல கைகள்.

செயலாளர் பெருமூச்சு விட்டு, பேனாவை மூடி, “நெக்ஸ்ட், பார்க்கிங்,” என்றார்.

எல்லோரும் நாற்காலியைச் சரிசெய்து உட்கார்ந்தார்கள். சுந்தரவல்லி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

“தட் ஆல்சோ ரைட்,” என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து, தீர்மானம் கைவிடப்பட்டது என்று அதையும் எழுதினார்.