எல்லைக் கோட்டையில் ஒரு சொல்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே டேனிஷ் பழகி, டென்மார்க்கின் ஒடென்சே நகரில் சொந்தக் கடையும் போட்டேன். எனக்குத் தெரியாத டேனிஷ் சொல் இல்லை என்று பெருமையடிப்பேன்.

என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை இங்கேதான் குடிவருவார். அவரைத் தெற்கு எல்லையில் கைவிடப்பட்ட இராணுவக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். மண்மேட்டருகே பலகையில் 'வொல்' என்று இருந்தது. தொழிற்சாலைச் சுவரில் 'அடிதடி கூடாது' என்ற அறிவிப்பில் அடிதடிக்கு இருந்த அதே சொல்.

"இதிலை வைச்சுத்தான் சிப்பாய்மாரை அடிச்சுத் துவைச்சவங்கள், அண்ணை," என்றேன்.

அவர் முகம் மாறியது. என் பேச்சை உறுதிப்படுத்த, அங்கே ஆடு மேய்த்த டேனிஷ் முதியவரிடம், "இங்கே பெரிய வொல்தானே?" என்று அடிப்பதுபோல் கையை ஓங்கிக் காட்டி டேனிஷில் சத்தமாகக் கேட்டேன்.

"ஓம், மிகப் பெரியது," என்றார். பிறகு ஆட்டுப்பட்டியின் படலைக் கதவைப் பிடிக்கச் சொல்லி என்னைத் தனியே அழைத்து மெல்லச் சொன்னார்: "அந்தச் சொல்லுக்கு மண் அரண் என்றும் அர்த்தம் உண்டு. சிப்பாய்கள் எல்லையைக் காக்க மண் சுமந்து கட்டியது இது."

திரும்பி வந்து, "அண்ணை, நான் சொன்னது பிழை. இது அடிச்ச இடமில்லை, சிப்பாய்மார் கட்டின மண் அரண்," என்றேன்.

"அப்பாடா! இந்த நாட்டுக்குப் பொடியனை அனுப்புறதோ எண்டு பயந்திட்டன்," என்று சிரித்தார்.

அதுவரை நான் பிறர் பிழையை நாலு பேர் முன்னால்தான் திருத்தியிருக்கிறேன். அந்த மனிதரோ என் மரியாதையை என் கையிலேயே தந்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார்.