அம்மாவின் தூக்க மாத்திரை

அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் பிழைக்க வந்த ஊரான தாபோடியில் எங்கள் தெருமுனை டாக்டர், ராத்திரிக்கு ஒன்று என்று குளோனசெபாம் எழுதிக் கொடுத்தார். அம்மாவின் இந்தி காய்கறிச் சந்தையோடு சரி. டாக்டரிடம் பேசக் கூச்சம். அதனால் நான்தான் அவளுக்கு வாய். அந்தப் பொறுப்பில் நான் காட்டிய யோக்கியதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் அட்டையிலிருந்து நானும் ஒன்று எடுத்துப் போட்டேன். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மாறி மாறி வரும் ஷிப்ட் என்று காரணத்துக்கா பஞ்சம்? பிறகு அது இல்லாமல் கண் மூட முடியவில்லை. மாதத்துக்கான மாத்திரை பாதியிலேயே தீர்ந்தது. புதுச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தரமாட்டார்கள்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அம்மா, "இப்ப நல்லாத் தூங்குறேன். காலைலதான் தல சுத்துது. மாத்திரைய நிறுத்திடலாமான்னு கேளு" என்றாள். நான் முகம் மாறாமல் இந்தியில், ஒரு மாத்திரைக்குத் தூக்கமே வரவில்லையாம் என்றேன். அவர் இரண்டாக்கி எழுதினார். "நிறுத்தக் கூடாதாம்மா. அதே ஒண்ணப் போடச் சொல்றாரு" என்றேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இன்னொன்று எனக்கு.

இரண்டு வாரம் கழித்து, காலையில் குளியலறையில் தலை சுற்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆட்டோவில் அவள் வலியில் முனகிக்கொண்டு வந்தாள். நானோ, இனி மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இதை எழுத எனக்கே கூசுகிறது.

சீட்டு முடிந்து மறுபடி போனபோது டாக்டர் அம்மாவின் கையில் மாவுக்கட்டைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு நேராக அம்மாவிடமே, தூக்கம் வருகிறதா, தலை சுற்றுகிறதா என்று இந்தியில் கேட்டார். நான் அவசரமாகக் குறுக்கே பேச வாயெடுத்தேன்.

"நீந்த் நஹி ஆத்தா, டாக்டர் சாப்" என்றாள் அம்மா, தூக்கம் வரவில்லையாம். தலை சுற்றவில்லை, ஈரத்தில் வழுக்கிவிட்டது என்பதையும் அதே சந்தை இந்தியில் சொல்லி முடித்தாள். அவர் பழையபடியே இரண்டு எழுதினார்.

வெளியே வந்ததும், "அன்னிக்கு நீ சொன்னது எனக்குப் புரியலன்னா நெனச்ச? முப்பது வருஷமா இந்த ஊர்லதானே இருக்கேன்" என்றாள். "அவர் முன்னால ஒன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல."

எனக்காகத்தான் வேண்டாத மாத்திரையை இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறாள். நல்ல கையால் சீட்டை என்னிடம் நீட்டினாள். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.