ஸ்கோர் நோட்டில் இல்லாத வரி

ஒரு கிரிக்கெட் வீரர் ஓய்வு பெற வேண்டுமா, இன்னும் ஆடலாமா என்று எங்கள் குடும்பத்தின் கைபேசிக் குழுவில் தினமும் சண்டை. எந்த ஆட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று எழுதி வைப்பவள் என்பதால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. ஒருமுறை திறந்திருக்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. புதுச்சேரியில், சாரம் பகுதியில் எங்கள் தெரு அணிக்கு ஸ்கோர் எழுதுவது என் பொறுப்பு. கோடு போடாத நோட்டில் நானே கோடு போட்டு, தேதி, கிழமை, எதிரணி, மழை பெய்ததா என்பது வரை எழுதுவேன். அணியை ஆரம்பித்தவர் என் சித்தப்பா. வேலை பார்த்த மில் மூடிய பிறகு பெயிண்ட் கடையில் நாளெல்லாம் நின்றவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடக்க ஆட்டக்காரராக இறங்குவார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர் நின்றதால்தான் கோப்பையையே கண்ணால் பார்த்தோம் என்றது தெருவில் ஒரு பாதி. கட்டை போட்டு ஓவரைத் தின்கிறார், கூட ஆடுகிறவனை ரன் அவுட் ஆக்குகிறார் என்றது மறுபாதி. என் நோட்டில் இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது.

மாசி மகம் முடிந்த அடுத்த ஞாயிறு, வீராம்பட்டினத்து அணியோடு இறுதி ஆட்டம். யார் யார் ஆடுவது என்று முடிவு செய்ய முந்தின நாள் சாயங்காலம் கூட்டம். என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "பாப்பா, நாளைக்கி மேட்சோட நிறுத்திக்கிறேன். கப்ப வாங்கிட்டு நானே சொல்லிடறேன், போதும்னு. யார்கிட்டயும் சொல்லிடாத, என்னா?"

சத்தியம் செய்தேன்.

கூட்டத்துக்குத் தலைமை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒரு பெரியவர். தெருவுக்கே அவர் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். முப்பத்தைந்து வயதிலேயே பென்ஷனோடு ஓய்வு பெற்றவர்.

விக்கெட் கீப்பர் அண்ணன் ஆரம்பித்தார். "அண்ணே, மரியாத வேற, ஆட்டம் வேற. நீங்களே நின்னுட்டிருந்தா பசங்க எப்ப ஆடறது? அவனுங்களுக்கும் நாப்பது ஆவட்டுமா?"

சிரித்தார்கள்.

"உனக்கு பேட்டு புடிக்கவே நான்தான்டா கத்துக்குடுத்தேன்" என்றார் சித்தப்பா.

"கத்துக்குடுத்தீங்க, சரி. அதுக்குன்னு எங்க கையில இருந்து புடுங்கி நீங்களே ஆடுவீங்களா?"

சொல்தா கையை உயர்த்தினார். "சத்தம் வாணாம். அந்தப் பொண்ணு எழுதி வச்சிருக்கு இல்ல? படிம்மா, இந்த வருஷம் உங்க சித்தப்பா என்னா அடிச்சாரு?"

எழுந்து நின்றேன். அத்தனை ஆண்கள் என் வாயைப் பார்த்தது அதுவே முதல் முறை. தேதியோடு படித்தேன். நான்கு. பூஜ்யம். ஏழு. இரண்டு, ரன் அவுட். மறுபடியும் பூஜ்யம். உச்சரிப்பு பிசகக் கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது. நடுவில் நிமிர்ந்தபோது சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பவர் போல.

"வேற எதனா சொல்லணுமாம்மா?" என்று கேட்டார் சொல்தா.

சத்தியம் நினைவிருந்தது. "அவ்ளோதான்" என்று நோட்டை மூடினேன்.

அணியிலிருந்து சித்தப்பாவை எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவர் இடத்தில் இறங்கிய பையன் அரைச்சதம் அடித்தான். ஜெயித்தோம். எங்கள் வாசலிலும் பட்டாசு வெடித்தார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. அவரை எடுத்தது சரிதான் என்று என் நோட்டின் அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பியதை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை. சைக்கிளில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னேன்: "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல சித்தப்பா."

"தெரியும்மா" என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த ரகசியத்தை, கூட்டத்துக்குப் போகிற வழியில், நோட்டு வைத்திருந்த என்னிடம் ஏன் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை.