மீட்டர்காரர் அணைத்த மோட்டார்

வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தே ஓய்வுபெற்றவர் என்பதால் எல்லாருக்கும் அவர் மீட்டர்காரர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியின் தலைக்கு மேலேயே மின்விசிறியை நிறுத்தி, "ஜன்னல் காத்தே போதுமே" என்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

மீன்குளம் அவளுடையது. போன முறை நோய் வந்து மொத்தமும் செத்துப்போனது. இந்த முறையும் போனால் குளத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவேன் என்றிருந்தாள். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவள்.

அன்று தீவனம் வாங்கக் கிளம்பியவள், தண்ணீரைத் துடுப்பால் அடித்துக் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களைக் காட்டி, "ஓடிக்கிட்டே இருக்கட்டும். புண்ணியமா போகும், கைய வச்சிடாதீங்க" என்றாள்.

சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிறைந்து குளத்துக்குள் குபுகுபுவென்று பாய்ந்தது. வானமே தண்ணீரை இந்த அடி அடிக்கும்போது மோட்டார் எதற்கு? எல்லாவற்றையும் அணைத்தார். மீன்கள் மேலே வந்து, தண்ணீர் விழும் இடத்தில் மொய்த்து, வாயைத் திறந்து திறந்து மூடின. புதுத்தண்ணீர் கண்ட குஷி என்று குடை பிடித்து ரசித்தார் மனுஷன்.

நனைந்தபடி வந்தவள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

"அதுங்க விளையாடலீங்க. மூச்சு முட்டுது."

மழைத்தண்ணீர் மூடி போட்டதுபோல் மேலேயே தங்கிவிட, அடியில் காற்றே இல்லை. சுவிட்சுப் பெட்டிக்கு ஓடப்போனவரைத் தடுத்தாள். "எல்லாத்தையும் ஒண்ணா போட்டா அடிச்சேறு கலங்கிடும். முதல்ல மதகுல மேல்பலகைய எடுங்க."

எடுத்தார். மேல்தண்ணீர் வழிந்து வெளியேறியது. பிறகு ஏரேட்டர்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கொஞ்சம் மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட்டன. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கரையோரக் கொட்டகையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன, லைட்ட அணைக்கலையா? வீணா எரியுதே" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"எரியட்டும்" என்றார். "நீ தூங்கு. மோட்டார நான் பாத்துக்கறேன்."

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "பாத்தா மட்டும் போதும்" என்றாள்.