பெட்டிக்கும் டிக்கெட் உண்டு: தாம்பரம் முதல் பெரும்பாக்கம் வரை

சென்ற ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இந்தப் பயணம் போனேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் எங்கள் துறையின் ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். பெரும்பாக்கம் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரை இரண்டு வருடம், மாதம் இருமுறை சோதிக்கும் திட்டம் அது. மாணவ உதவியாளருக்கான செலவுப் பக்கத்தை, திட்டத்தை நடத்தும் பேராசிரியர் நிர்மலா மேடம் மாணவியான என்னிடம் கொடுத்திருந்தார். பயணச் செலவு என்ற இடத்தில் நான் சைபர் போட்டிருந்தேன். பெண்களுக்குத்தான் டவுன் பஸ் இலவசமாயிற்றே!

அனுப்புவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. தாம்பரம் மீன் கடையில் முப்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கி, சாம்பிள் பாட்டில்கள் வைக்கும் பெட்டியில் நிரப்பிக்கொண்டு, 9.10க்கு மேடவாக்கம் வழியாகப் போகும் இலவச பஸ்ஸில் ஏறினேன்.

"இன்னாம்மா, ஐஸ்கிரீம் விக்கப் போறியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணா, தண்ணி சாம்பிள் எடுக்க."

"உனக்கு ஃப்ரீ. பொட்டிக்கு பதினஞ்சு ரூவா குடு. அது இன்னா லேடீஸா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. வாங்கிய டிக்கெட்டை மட்டும் பத்திரமாக நோட்டுக்குள் வைத்தேன்.

மேடவாக்கம் கூட்டுரோடு வரை பத்து கிலோமீட்டர். நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அங்கிருந்து குடியிருப்புக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். மூன்றாவது மாடியில் செல்வி அக்கா கதவைத் திறந்தார். துறையின் பழைய சோதனைப் பட்டியலில் இருந்த வீடு அது.

"நீயும் ரெண்டு தபா வந்துட்டுக் காணாம பூடுவியா?" என்றார். "முன்னாடி ஒரு புள்ள வந்துச்சு. கைக்காசு போட்டு வர்றேன்க்கான்னு சொல்லும். அப்பால ஆளே காணோம். தண்ணி நல்லதா கெட்டதான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல."

பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். அந்த மாணவருக்கும் யாரோ சைபர் போட்டிருக்கிறார்கள்.

பிடித்த தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள், ஐஸ் உருகாமல், தாம்பரத்தில் உள்ள எங்கள் ஆய்வகம் சேர வேண்டும். மூன்று கட்டடங்கள் ஏறி இறங்கி முடித்தபோது மணி 12.40. நாற்பது நிமிடம் நின்றும் பஸ் வரவில்லை. பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. வேறு வழியில்லாமல் தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்: 380 ரூபாய்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதிகம் கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று எதையும் குறைத்தே கேட்டு வளர்ந்தவள். அன்றிரவு அந்தப் பழக்கத்தோடு சண்டை போட்டுத்தான் பக்கத்தைத் திருத்தினேன். ஐஸ், பெட்டிக்கான டிக்கெட், ஷேர் ஆட்டோ, ஆட்டோ எல்லாம் சேர்ந்து 445. அடுத்து வருவது பையனாக இருந்தால் பஸ்ஸுக்கு இன்னொரு 25. ஒரு நடைக்கு 470. நாற்பத்தெட்டு நடைக்கு 22,560 ரூபாய்.

மறுநாள் கூட்டத்தில் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து சைபர்னு இருந்துச்சு. இன்னைக்கு இருபத்திரண்டாயிரமா?"

ஏழு பேர் என்னைப் பார்த்தார்கள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறந்ததில்லை.

"நேத்து பெட்டி இல்லாம போட்டேன் மேடம். இந்தக் காசு இல்லன்னா மூணாவது மாசம் யாரும் போக மாட்டாங்க. போன தடவை அப்படித்தான் நின்னுருக்கு." பதினைந்து ரூபாய் டிக்கெட்டை மேசையில் வைத்தேன்.

மேடம் அதைத் திருப்பிப் பார்த்தார். "இதை ஸ்கேன் பண்ணிச் சேர்த்துடு" என்றார்.

ஆறு மாதம் கழித்து நிதி வந்தது. அனுமதிக் காகிதத்தில் பயணச் செலவு வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அந்தக் காகிதத்தை அம்மாவிடம் காட்டி, "இந்த நம்பர் நான் எழுதினது" என்றேன்.

இப்படி விண்ணப்பம் எழுதப் போகிறவர்களுக்கு: எழுதும் முன் ஒருநாள் அந்த வழியில், கருவிகளோடு, வேலை நாளில் போய் வாருங்கள். டிக்கெட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடுத்து வருபவருக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். காலை 9.10 பஸ் நல்லது. திரும்பும்போது பஸ்ஸை நம்ப வேண்டாம்.

போன வாரம் பதினோராவது நடை. கதவைத் தட்டும் முன்பே செல்வி அக்கா திறந்துவிட்டார். "வந்துட்டியா? போன தபா தண்ணி எப்படின்னு சொல்லிட்டு, அப்பால பாட்டில எடு."