பன்னிரண்டு வயதுக்குள் தலையால் முட்டலாமா?

கால்பந்து ரொம்ப எளிமையான ஆட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியவர்கள் ஆடுவது வேண்டுமானால் எளிமையாக இருக்கலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் வயதுவாரியாக நாலு பிரிவு, நாலுக்கும் நாலு சட்டம். எட்டு வயதுக்குள் என்றால் ஆஃப்சைடு கிடையாது, பந்து கோட்டுக்கு வெளியே போனால் காலால் தட்டி உள்ளே விட்டால் போதும். பத்து வயதுக்குள் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், பந்தைக் கையால் எறிய வேண்டும், தப்பாக எறிந்தால் இன்னொரு தரம் எறியச் சொல்ல வேண்டும், முக்கியமாகத் தலையால் முட்டக் கூடாது. மூளைக்கு ஆகாதாம். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் ஒன்பது பேர், முட்டலாம். பதினான்குக்கு வந்தால்தான் பதினொரு பேர், முழு மைதானம், டி.வி.யில் பார்க்கிற ஆட்டம்.

பத்து வயது மூளைக்கு ஆகாதது பதினோரு வயது மூளைக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கமிட்டியில் ஒருமுறை கேட்டேன். "அம்பி சார், நீங்க டைம் பாக்கறவர்தானே?" என்றார்கள். உண்மைதான். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், மந்தைவெளிப் பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில் மேஜை போட்டு, ஸ்டாப் வாட்ச்சும் ஸ்கோர் ஷீட்டுமாக உட்கார்ந்திருக்கிறவன் நான். அறுபத்து மூன்று வயதிலும் என்னை அம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருக்கட்டும், நான் சொல்ல வந்தது மர்சலினைப் பற்றி.

மர்சலின் சாந்தோம்காரர். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். டி.சி. எழுதுவது, ஃபீஸ் ரசீது போடுவது, யார் பிள்ளை எந்த செக்‌ஷன் என்று கேட்டால் ரிஜிஸ்டரைப் பார்க்காமல் சொல்வது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பையன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர். அன்றைக்கு ரெஃபரி வரவில்லை. யாராவது ஒருத்தர் விசில் ஊதுங்கள் என்று கேட்டதற்கு, அங்கே இருந்த அப்பாக்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். இவர் எழுந்து போனார். அண்ணன் பையன் அப்புறம் கால்பந்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டான். அத்தை மர்சலின் விடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிப் பூசை முடிந்ததும் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பதினொரு பேர் ஆடும் முழு ஆட்டத்தை, முழு மைதானத்தில், தொண்ணூறு நிமிஷம் நடத்த வேண்டும். அதற்கு எங்கள் சங்கத்தில் அடுத்த நிலைத் தேர்வில் பாஸாக வேண்டும். மதிப்பெண் போடுகிறவர் ஒருத்தர் வந்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்பார், நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும். நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் அந்தத் தேர்வே கிடையாது, கடைசி வரைக்கும் பொடிசுகளோடுதான் ஓட வேண்டும். முதல் தடவை முழங்கால் வீங்கி நின்றுபோனது. இரண்டாம் தடவை மூன்று மார்க்கில் போயிற்று. இந்தத் தடவை, பிறந்த நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. "இது போச்சுன்னா அவ்ளோதான் அங்கிள்" என்று முந்தின வாரமே என்னிடம் சொல்லியிருந்தார்.

நாலு சட்டத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பரீட்சைக்கு பிட் எழுதுகிற பிள்ளை மாதிரி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இடது உள்ளங்கையில் பால் பாயின்ட் பேனாவால் எழுதிக்கொள்வார். '8, ஆஃப்சைடு இல்லை.' '10, தலை கூடாது.' ஆட்டம் முடிந்ததும் வாட்டர் கேன் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார். நான் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். "நீங்க பேங்க்ல ஒரு தடவ கூட தப்பா கூட்டினதே இல்லையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் கிண்டல் செய்வதில்லை.

அந்த ஞாயிறு எல்லாமே தலைகீழ். முந்தின நாள் மழையில் வேளச்சேரி மைதானம் குளமாகிவிட்டது. காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: அங்கே நடக்க இருந்த பன்னிரண்டு வயதுப் பெண்கள் அரையிறுதி இங்கே வருகிறது. அதுதான் மர்சலினுக்குத் தேர்வு ஆட்டம். இங்கே பத்து வயது ஆட்டங்களை நடத்த வேண்டிய ரெஃபரியோ வேளச்சேரித் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். ஆகவே அதுவும் இவர் தலையில். இரண்டு பத்து வயது ஆட்டம், உடனே தேர்வு ஆட்டம். நடுவில் பத்தே நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷத்தை மதிப்பெண் போட வந்த வெங்கடரமணன் சார் எடுத்துக்கொண்டார். பெரிய மனிதர், ஒரு காலத்தில் இந்த ஊர் மைதானங்களில் அவர் விசில் கேட்டால் நாய் கூட நிற்குமாம். தான் எப்படியெல்லாம் ஆட்டம் நடத்தினேன் என்று மர்சலினை நிற்க வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். தேர்வு நடத்துகிறவர் பேசும்போது கை கழுவ எப்படிப் போவது? அவர் விட்ட பிறகு மர்சலின் கேன் பக்கம் ஓடினார். நான் வாட்ச்சைத் தட்டிக் காட்டி, "டைம் ஆச்சு" என்றேன். பாதி வழியில் திரும்பி மைதானத்துக்குள் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மீர்சாகிப்பேட்டைப் பெண்களுக்கும் கே.கே. நகர்ப் பெண்களுக்கும் ஆட்டம். கே.கே. நகர் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. மீர்சாகிப்பேட்டைக்கு ருக்சார் என்று ஒரு பெண். ஆறாம் வகுப்பு, ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். மர்சலின் அன்றைக்கு அபாரமாக ஓடினார். ஆஃப்சைடு, தள்ளுமுள்ளு, நேரம் கடத்துகிற கோல்கீப்பர், எதையும் விடவில்லை. எதிர்ப்பக்கம் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த வெங்கடரமணன் சார் அடிக்கடி தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பாஸ் என்று எனக்கே தோன்றியது.

நாற்பத்தெட்டாவது நிமிஷம். இன்னும் இரண்டு நிமிஷம்தான். மீர்சாகிப்பேட்டைக்கு கார்னர் கிடைத்தது. பந்தை வைக்கிற நேரத்தில் மர்சலின் பழக்கதோஷத்தில், கழுவாத உள்ளங்கையைப் பார்த்தார். பந்து வந்தது. ருக்சார் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினாள். விசில். அதற்கப்புறம்தான் பந்து வலைக்குள் விழுந்தது.

மர்சலின் ஃப்ரீ கிக் என்று ஒரு கையைத் தூக்கியிருந்தார். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கின பிறகு இது வேறு பஸ் என்று தெரிந்துகொண்டவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

மீர்சாகிப்பேட்டைக் கோச் மணிமொழி என் மேஜைப் பக்கம்தான் நின்றிருந்தார். "இன்னா மேடம், இது அண்டர் ட்வெல்வு. தலைல முட்லாம்ல? இன்னாத்துக்கு ஊதினீங்கோ?"

மர்சலின் அவரிடம் வந்தார். "தப்பு என்னோடது மணிமொழி. தப்பா ஊதிட்டேன்."

"செரி, அப்ப கோல் குடுங்க."

"குடுக்க முடியாது. விசில் அடிச்சதும் ஆட்டம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் பந்து உள்ள போச்சு."

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"ட்ராப் பால். கோல் முன்னாடி நடந்ததால பந்த அவங்க கீப்பருக்குத்தான் தரையில விட்டுக் குடுக்கணும்."

மணிமொழி என்னைப் பார்த்தார். நான் சட்டத்தாளைப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. "தப்பு நீங்க பண்ணுவீங்க, பந்து அவங்களுக்கா? இது எந்த ஊர் நியாயம் மேடம்?" என்றார் மணிமொழி. அவர் கத்திக்கூடப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ருக்சார் ஓடி வந்து நின்றாள். "மிஸ், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மர்சலின் வாயைத் திறந்தார். வாட்ச்சைப் பார்த்தார். "போய் ஆடும்மா, டைம் போகுது" என்றார். ட்ராப் பால் போட்டார். கே.கே. நகர் கீப்பர் பந்தை உதைத்து எங்கேயோ அனுப்பினாள். ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

வெங்கடரமணன் சார் குடையை மடக்கிக்கொண்டு, மர்சலின் நின்றிருந்த என் மேஜைக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எண்பத்தொண்ணு போட்டிருக்கேன்மா. அந்தத் தலையால முட்டினதை பார்த்த க்ஷணமே ஊதினேள் பாருங்கோ, அதுக்குத் தனியாவே மார்க். மத்தவா எல்லாம் அங்கதான் கோட்டை விடுவா. அப்பறம் அந்தக் கோச் வந்து சத்தம் போட்டதும் ட்ராப் பாலா மாத்திட்டேள், அதுக்குக் கொஞ்சம் குறைச்சேன். பயப்படப்படாது, எடுத்த முடிவுல நிக்கணும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. மர்சலின் செய்த தப்புக்கு மார்க் போட்டிருக்கிறார், அதை ஒப்புக்கொண்டதற்கு மார்க் குறைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதுக்குள்ளும் முட்டக் கூடாது என்றே மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். மர்சலினும் அதைப் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. பேசாதே, பேசாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். எண்பத்தொன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?

"சார், அண்டர் ட்வெல்வ்ல முட்டலாம் சார். நான் ஊதினதுதான் தப்பு."

"அதெப்படி? கூடாதுன்னுதானே இருக்கு?"

"அண்டர் டென்லதான் கூடாது."

மூன்று பேரும் சட்டத்தாளின் மேல் குனிந்தோம். வெங்கடரமணன் சார் அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தார். "போன வருஷம் கூடாதுன்னு இருந்ததோ?" என்று என்னைக் கேட்டார். இருந்ததா, இல்லையா? சத்தியமாக எனக்கும் ஞாபகம் இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு கோலைத் தடுத்த சட்டப் பிழைம்மா இது. இதுக்கு மார்க் குறைக்கறதுங்கறது கிடையாது, ஃபெயில்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். எனக்கே தெரியாத சட்டத்துக்கு உங்களை எப்படி ஃபெயில் பண்றது? வயசும் தாண்டிடும் உங்களுக்கு."

"கேளு மர்சலின்" என்றேன் நான். "அந்தப் பேப்பரை எவன் படிக்கப் போறான்? பீரோல எலி கடிக்கும்."

மர்சலின் சட்டத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அதத்தான் நினைக்கிறேன் அங்கிள். படிக்க மாட்டாங்க. ஆனா நான் ஊதினது சரின்னு சார் எழுதினா, அந்தப் பொண்ணு பண்ணது தப்புன்னு ஆயிடும் இல்ல? இன்னா தப்பு பண்ணேன்னு அவ கேட்டா. நான் பதிலே சொல்லல." நிறுத்தினார். "எது சரின்னு எனக்குத் தெரியல சார். எழுதிடுங்க."

எனக்குக் கோபமாக வந்தது. பதினோரு வருஷம் வெயிலில் ஓடினதை, யாரும் படிக்காத ஒரு தாளுக்காக யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? வெங்கடரமணன் சார் எண்பத்தொன்றை அடித்தார். கீழே, நாற்பத்தெட்டாவது நிமிஷம், நடுவர் பிழை, ஆட்டக்காரர் மேல் தவறில்லை என்று எழுதினார். பேனாவை நீட்டினார். மர்சலின் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவர் கேட் பக்கம் நடந்தார். அங்கே ஷேர் ஆட்டோவில் மீர்சாகிப்பேட்டைப் பெண்கள் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே போனேன். ருக்சார் ஓரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. நான்தான் பண்ணேன். அது நல்ல கோல்."

"அப்ப நாங்க டிராவா மிஸ்?"

"இல்லம்மா. தோத்துட்டீங்க."

அந்தப் பெண் மர்சலினை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. உள்ளே திரும்பி, "ஏய், அது கோல்தானாம்டி, மிஸ்ஸே சொல்ட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். ஆட்டோவுக்குள் ஒரே கூச்சல், கைதட்டல். சீட்டையும் தகரத்தையும் போட்டு அடித்தார்கள். ஆட்டோ குலுங்கியபடியே கிளம்பிப் போனது.

மர்சலின் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "தோத்துட்டீங்கன்னுதானே அங்கிள் சொன்னேன்" என்றார். "எதுக்குக் கைதட்றாங்க?"

தெரியலைம்மா என்றேன். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், யாரும் அவரைப் பார்க்காதபடி ஸ்கோர் ஷீட் அட்டையைத் தூக்கி மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.